சுவிட்சர்லாந்தில் நாலைந்து நாள் சும்மா இருக்க எந்தப் பள்ளத்தாக்குக் கிராமம்?

ஜூன் கடைசியில் ஒன்பது நாள் சுவிட்சர்லாந்து போகிறீர்கள். கணவர், பத்து வயது மகள், முழங்கால் வலியுள்ள 68 வயது அம்மா உடன் வருகிறார்கள். ஏஜென்ட் ஆறு ஊர் அடங்கிய பட்டியல் கொடுத்திருக்கிறார். அதைக் குறைத்துவிட்டு ஏதாவது ஒரு பள்ளத்தாக்குக் கிராமத்தில் நாலைந்து நாள் நிம்மதியாக இருக்க ஆசை. வீடியோக்களில் எல்லோரும் காட்டுகிற லாட்டர்புருன்னனுக்கே போகலாமா, அங்கே போரடிக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்குள் இன்னொரு கேள்வியும் இருப்பதாக எனக்குப் படுகிறது. இவ்வளவு செலவு செய்து போய்விட்டு ஒரே இடத்தில் உட்கார்ந்திருந்தால் பணம் வீண் ஆகிவிடாதா என்ற தயக்கம். அதற்கும் சேர்த்தே பதில் சொல்கிறேன், கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும்.

இன்டர்லாக்கனைச் சுற்றியுள்ள மலைப் பகுதியில் ஒரு சிறிய விடுதியின் வரவேற்பில் பல வருடம் வேலை பார்த்தேன். இப்போது குடும்பங்களுக்குப் பயணத் திட்டம் போட்டுத் தருகிறேன். வரவேற்பு மேசையில் இருப்பவருக்கு ஒரு விஷயம் நன்றாகத் தெரியும்: எந்த விருந்தினர் ஓய்வெடுத்துவிட்டுப் போகிறார், யார் வந்ததைவிடக் களைத்துப் போகிறார் என்பது. ஒரு இரவு, இரண்டு இரவு தங்குபவர்கள் பெட்டியைத் திறப்பதும் மூடுவதுமாகவே இருப்பார்கள். காலை உணவு மேசையில்கூட அடுத்த ரயில் எப்போது என்ற பேச்சுதான். நான்கு இரவுக்கு மேல் இருப்பவர்களிடம் மூன்றாம் நாள் ஒரு மாற்றம் தெரியும். அட்டவணையைக் கேட்பதை நிறுத்திவிடுவார்கள். அதனால் என் முதல் பதில் ஊர்ப் பெயர் இல்லை. ஒரே படுக்கையில் குறைந்தது நான்கு இரவு, முடிந்தால் ஐந்து. இதை முடிவு செய்துவிட்டால் எந்த ஊர் என்பது இரண்டாவது கேள்வியாகிவிடும். அது மட்டுமல்ல, ஜூனில் அந்த மலைகளில் மழை சகஜம். இரண்டு நாள் தங்கி ஒரு நாள் மழையில் போனால் பாதி போயிற்று என்று தோன்றும். ஐந்து நாளில் ஒரு நாள் போனால் அது யாருக்கும் உறைக்காது.

சரி, லாட்டர்புருன்னன். பனியாறு செதுக்கிய பள்ளத்தாக்கு அது. அடி தட்டையாகவும் இரண்டு பக்கமும் செங்குத்தான பாறைச் சுவராகவும் இருக்கும். கிராமம் சுமார் 800 மீட்டர் உயரத்தில், அந்தத் தட்டையான அடியில் இருக்கிறது. ஊருக்கு மேலேயே ஸ்டௌபாக் அருவி கிட்டத்தட்ட 300 மீட்டர் உயரத்திலிருந்து விழுகிறது. பள்ளத்தாக்கில் 72 அருவிகள் என்பது சுற்றுலாத் துறை சொல்லும் கணக்கு. அதில் பல, பனி உருகும் காலத்திலும் மழைக்குப் பிறகும் மட்டும் ஓடுபவை. நீங்கள் போகும் ஜூன் கடைசி அதற்கு நல்ல காலம். அழகு விஷயத்தில் வீடியோக்கள் பொய் சொல்லவில்லை. அவை காட்டாதது பகல் நேரத்துக் கூட்டத்தை. இன்டர்லாக்கனிலிருந்து ரயிலில் இருபதே நிமிடம்தான் என்பதால், காலை பத்து மணியிலிருந்து மாலை ஐந்து வரை அந்த ஒற்றைத் தெரு நிரம்பி வழிகிறது. காரில் வந்துபோகும் பகல் பயணிகளிடம் கட்டணம் வாங்கலாமா என்று ஊராட்சியே யோசிக்கும் அளவுக்கு நெருக்கடி. போதாததற்கு பள்ளத்தாக்கிலேயே ஒரு ஹெலிகாப்டர் தளம் இருக்கிறது. பாறை உச்சியிலிருந்து பாராசூட்டோடு குதிப்பவர்களும் இங்கே வருகிறார்கள். தலைக்கு மேலே துணி படபடவென்று அடிக்கும் சத்தம் கேட்டால் அது அவர்கள்தான்.

ஆனாலும் அந்த ஊரை ஒரேயடியாக ஒதுக்க மாட்டேன். பகல் கூட்டம் ரயிலேறிப் போனபின், ஆறரை மணிக்கு மேல், அதே தெருவில் தங்குபவர்கள் மட்டுமே இருப்பார்கள். ஜூன் கடைசியில் ஒன்பதரை மணி வரை வெளிச்சம் இருக்கும். ஆக உங்களுக்கு மூன்று மணி நேர மாலை கிடைக்கிறது. காலை ஆறிலிருந்து ஒன்பது வரையும் அப்படித்தான். பகலில் மேலே எங்காவது போய்விட்டு, மாலையில் பள்ளத்தாக்கை அனுபவிப்பவருக்கு லாட்டர்புருன்னன் பொருந்தும். நாள் முழுவதும் ஊரிலேயே இருக்க நினைப்பவருக்குப் பொருந்தாது. நீங்கள் இரண்டாவது வகை என்றுதான் உங்கள் கேள்வியிலிருந்து புரிகிறது.

அதே பள்ளத்தாக்குக்குள்ளேயே வேறு வழிகளும் உண்டு. சாலை முடியும் இடத்தில் ஸ்டெகல்பெர்க் இருக்கிறது. லாட்டர்புருன்னன் நிலையத்திலிருந்து பேருந்து அங்கே போய்த் திரும்புகிறது, நடுவே பல நிறுத்தங்கள். ஆற்றை ஒட்டிய நடைபாதை ஏறக்குறைய தட்டையாகவே போவதால், அம்மா முடிந்தவரை நடந்துவிட்டு அடுத்த நிறுத்தத்தில் பேருந்து ஏறிக்கொள்ளலாம். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு இப்படி நினைத்த இடத்தில் நிறுத்திக்கொள்ளும் நடை கிடைப்பது பெரிய விஷயம். வழியில் டிரம்மல்பாக் அருவிகள்: ஐகர், மோன்க், யுங்ஃபிராவ் மூன்று மலைகளின் பனியாற்று நீரும் ஒரு பாறைக்குள் பத்து அருவிகளாக இறங்குகிறது, உச்சத்தில் நொடிக்கு 20,000 லிட்டர் வரை. மலைக்குள்ளேயே லிஃப்ட் இருக்கிறது. ஆனால் லிஃப்டுக்குப் பிறகு ஈரமான படிக்கட்டுகள் நிறைய. அம்மா கீழே இருக்கும் பகுதியோடு நிறுத்திக்கொள்வது நல்லது. நான்கு வயதுக்குட்பட்ட குழந்தைகளை உள்ளே விடுவதில்லை. உங்கள் மகளுக்கு அந்தப் பிரச்சினை இல்லை.

மேலே பாறைச் சுவரின் தோளில் உட்கார்ந்திருக்கும் மூன்று கிராமங்கள் வெங்கன், மியூரன், கிம்மல்வால்ட். பொதுச் சாலையில் கார் ஓட்டிப் போய்ச் சேர முடியாத ஊர்கள். வெங்கன் 1,274 மீட்டரில், பள்ளத்தாக்கின் கிழக்குச் சுவரில் மேற்கு பார்த்து இருக்கிறது. பிற்பகல் வெயிலும் மாலை வெளிச்சமும் அங்கேதான். மியூரன் 1,638 மீட்டரில் எதிர்ச் சுவரில் கிழக்கு பார்த்து இருக்கிறது. காலை வெயில் நிறைய, மாலையில் நிழல் சீக்கிரம் வந்துவிடும். கிம்மல்வால்ட் மிகச் சிறியது, இன்னும் மாடு வளர்க்கும் ஊர். அமைதிக்கு மூன்றில் அதுதான் முதல். ஆனால் அங்கே சூப்பர்மார்க்கெட் கிடையாது, தெருக்களும் சரிவானவை. முழங்கால் வலியோடு வருபவர்களை நான் அங்கே தங்க வைப்பதில்லை.

வெயிலைப் பற்றிச் சொன்னதால் இதையும் சொல்லிவிடுகிறேன். பள்ளத்தாக்குக் கிராமம் தேடுபவர்கள் பெரும்பாலும் கவனிக்காமல் விடுவது இதைத்தான். பள்ளத்தாக்கு வடக்கு தெற்காக ஓடினால் காலை வெயிலை ஒரு சுவரும் மாலை வெயிலை இன்னொரு சுவரும் மறைத்துவிடும். அடியில் இருப்பவருக்கு நடுப்பகல் வெயில்தான் மிஞ்சும். லாட்டர்புருன்னன் அப்படிப்பட்டது. கிழக்கு மேற்காக ஓடும் பள்ளத்தாக்கில் தெற்கு பார்த்த சரிவுக்கு நாள் முழுவதும் வெயில் விழும், எதிர்ச் சரிவு நிழலிலேயே கிடக்கும். பழைய கிராமங்கள் எந்தப் பக்கம் இருக்கின்றன என்று வரைபடத்தில் பார்த்தாலே புரிந்துவிடும். கோடையில் இந்த வித்தியாசம் சில மணி நேரம்தான். குளிர்காலத்தில் வாரக்கணக்கில் சூரியனையே பார்க்காத ஊர்களும் ஆல்ப்ஸில் உண்டு. இத்தாலியப் பக்கத்தில் விகனெல்லா என்ற கிராமம் 2006-ல் எதிர் மலைச் சரிவில் ஒரு பெரிய கண்ணாடி வைத்து, ஊர்ச் சதுக்கத்துக்கு வெயிலைத் திருப்பி அனுப்பிக்கொண்டது. நீங்கள் போவது ஜூனில் என்பதால் கவலையில்லை. ஆனாலும் அறை பதிவு செய்யும்போது பால்கனி எந்தத் திசை பார்க்கிறது என்று கேளுங்கள். நாள் முழுவதும் அங்கேயே இருக்கப் போகிறவருக்கு அறையின் அகலத்தைவிட இது முக்கியம்.

இப்போது என் சொந்தப் பரிந்துரைக்கு வருகிறேன். இது என் ரசனை, இதே அனுபவமுள்ள இன்னொருவர் வேறு பெயர் சொல்லலாம். வாலிஸ் மாநிலத்தில் ரோன் ஆறு உற்பத்தியாகும் இடத்துக்குச் சற்றுக் கீழே கோம்ஸ் என்று ஒரு உயரமான பள்ளத்தாக்கு இருக்கிறது. அகலமானது, வானம் நிறையத் தெரியும், பெரும்பாலான கிராமங்கள் 1,200-லிருந்து 1,400 மீட்டருக்குள். பிரிக், ஆண்டர்மாட் நகரங்களுக்கு நடுவே ஓடும் குறுகிய பாதை ரயில் கிராமத்துக்குக் கிராமம் நிற்கிறது, பகலில் மணிக்கு ஒன்று. சில சிறிய நிலையங்களில் பொத்தானை அமுக்கினால்தான் நிற்கும். ஏஜென்ட் பட்டியலில் இருக்கும் கிளேசியர் எக்ஸ்பிரஸ் இதே தண்டவாளத்தில்தான் போகிறது. அதில் இருப்பவர்கள் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டுக் கடந்துவிடுகிறார்கள். உலகப் புகழ்பெற்ற ரிட்ஸ் ஹோட்டல்களைத் தொடங்கிய சீசர் ரிட்ஸ் 1850-ல் பிறந்தது இங்கே நீடர்வால்ட் என்ற குட்டிக் கிராமத்தில். எர்னன் என்ற கிராமத்தில் 1970-களிலிருந்து கோடையில் செவ்வியல் இசைக் கச்சேரிகள் நடக்கின்றன. தேதி பொருந்தினால் ஒரு மாலை போய் வரலாம்.

கோம்ஸ் கிராமங்களில் லார்ச் மரத்தால் கட்டிய வீடுகள் நூற்றாண்டு வெயிலில் காய்ந்து கன்னங்கரேலென்று இருக்கும். அவற்றுக்கு நடுவே குட்டையான கால்களில் தூக்கி நிறுத்திய பழைய தானியக் களஞ்சியங்களைப் பார்ப்பீர்கள். ஒவ்வொரு காலின் மேலும் தட்டையான வட்டக் கல் ஒன்று, அதன் மேல்தான் களஞ்சியம் உட்கார்ந்திருக்கும். எலி மரக்காலில் ஏறிவிடும். ஆனால் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கல்லின் அடிப்பக்கத்தில் தலைகீழாகப் போக முடியாமல் திரும்பிவிடும். உங்கள் மகளைக் குனிந்து அந்தக் கல்லுக்கும் மரத்துக்கும் நடுவே எட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். ஆணியோ சாந்தோ இல்லாமல் வெறும் எடையிலேயே கல் நிற்பது தெரியும். வழிகாட்டியோ கட்டணமோ தேவைப்படாத இப்படிப்பட்ட விஷயங்களுக்காகத்தான் நான் கோம்ஸை விரும்புகிறேன். ரோன் ஆற்றோரமாகக் கிராமங்களை இணைத்துப் போகும் பாதை சுலபமானது. ஒரு கிராமத்திலிருந்து அடுத்த கிராமத்துக்கு நடந்துவிட்டு ரயிலில் திரும்பலாம். கொஞ்சம் துணிச்சல் வேண்டுமென்றால் ஃபூர்கான்கன், மியூலபாக் ஊர்களுக்கு நடுவே 2015-ல் கட்டிய தொங்குபாலம் இருக்கிறது: 280 மீட்டர் நீளம், ஆற்றிலிருந்து 92 மீட்டர் உயரம். மகளுக்குப் பிடிக்கும், அம்மாவைக் கரையிலேயே உட்கார வைத்துவிடுங்கள்.

கோம்ஸுக்கும் ஒரு குறை உண்டு. ஃபுர்கா, கிரிம்சல், நூஃபெனன் என்று மூன்று கணவாய்ச் சாலைகள் அந்தப் பள்ளத்தாக்கின் தலைப்பகுதியில் சேர்கின்றன. கணவாய்கள் திறந்திருக்கும் கோடை வார இறுதிகளில் மோட்டார் சைக்கிள்கள் கூட்டம் கூட்டமாகப் போகும். பிரதான சாலையை ஒட்டிய அறை எடுத்தால் சனி, ஞாயிறு முழுவதும் அந்த உறுமல்தான். சாலையிலிருந்து உள்ளே தள்ளிய வீடாகப் பார்க்க வேண்டும். இல்லையென்றால் பின் (Binn) என்ற கிளைப் பள்ளத்தாக்குக்குப் போய்விடலாம். ஃபீஷ் என்ற ஊரிலிருந்து பேருந்து போகிறது, சாலை அங்கேயே முடிந்துவிடுகிறது, கடந்து போகும் வண்டி என்று ஒன்று கிடையாது. அபூர்வக் கனிமங்களுக்குப் பேர் போன இடம் அது. கல் பொறுக்கும் வயதில் ஒரு பிள்ளை இருந்தால் நாள் போவதே தெரியாது. ஆனால் அங்கே தங்குமிடங்கள் சொற்பம், கடை வசதியும் குறைவு. ஐந்து நாளும் அங்கேயே என்றால் எல்லோருக்கும் ஒத்துவராது.

கடந்து போகும் வாகனம் இல்லாத ஊர் என்பதுதான் அமைதிக்கு நான் நம்பும் ஒரே அடையாளம். வரைபடத்தை விரித்து, சாலையோ தண்டவாளமோ எங்கே முடிகிறது என்று பாருங்கள். ஆல்ப்ஸில் மட்டுமில்லை, நீங்கள் அடுத்த முறை வேறு எந்த நாட்டின் மலைக்குப் போனாலும் இது உதவும். அதே சமயம், கிராமத்து அமைதி என்றால் சத்தமே இருக்காது என்று எண்ணிவிடக் கூடாது. பல ஊர்களில் தேவாலய மணி கால் மணிக்கொரு முறை அடிக்கும், இரவிலும். மேய்ச்சலில் இருக்கும் மாடுகளின் கழுத்து மணி விடியும் வரை கேட்கும். அருவிக்குப் பக்கத்து அறையில் ஜன்னலைத் திறந்து வைத்தால் தண்ணீர்ச் சத்தம் ஓயாது. சிலருக்குத் தாலாட்டு, சிலருக்குத் தூக்கம் போய்விடும். இன்டர்லாக்கனுக்குக் கிழக்கே மைரிங்கனில் போர் விமானத் தளம் இருப்பதால் அந்த வட்டாரத்தில் வார நாட்களில் ஜெட் இரைச்சலும் வரலாம். அம்மாவுக்கு லேசான தூக்கம் என்றால் தேவாலயத்திலிருந்து தள்ளிய வீடாகக் கேளுங்கள், காதடைப்பானும் எடுத்துப் போங்கள்.

போரடிக்குமா என்ற கேள்விக்கு நேரான பதில்: இரண்டாம் நாள் பிற்பகல் அடிக்கும். கிட்டத்தட்ட எல்லோருக்கும் அப்படித்தான். உடம்பு நின்றுவிட்டாலும் மனசு இன்னும் ஓடிக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் பயந்துபோய் மறுநாளைக்கு ஒரு நீண்ட சுற்றுலாவை வாங்கிவிடாதீர்கள். அதற்குப் பதிலாகச் சின்னதாக ஒரு வேலையைக் கையில் வைத்திருங்கள்: மாலையில் ரொட்டி வாங்கப் போவது, இரண்டு கிராமம் நடப்பது, மகளோடு ஓடைக்கரையில் உட்காருவது. ஜூன் கடைசியில் புல்லறுப்பு தொடங்கும் காலம். சரிவில் ஒரு குடும்பமே இறங்கி, தாத்தா வாருகோலோடு ஓரங்களைச் சேர்க்க, இளையவர்கள் சின்ன இயந்திரத்தைப் பிடித்துக்கொண்டு குறுக்கும் நெடுக்குமாகப் போவார்கள். மழை வருவதற்குள் காய்ந்ததை உள்ளே சேர்த்தாக வேண்டும் என்ற அவசரம் அந்த ஊர் முழுவதும் தெரியும். ஓரமாக உட்கார்ந்து பார்ப்பதற்கு யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். ஆனால் அறுக்காத உயரமான புல்லுக்குள் நடந்து புகைப்படம் எடுக்காதீர்கள். நமக்குப் பூந்தோட்டமாகத் தெரிவது அவர்கள் மாடுகளுக்குக் குளிர்காலத் தீவனம். அதே போல் மேய்ச்சல் நிலத்தின் கதவைத் திறந்தால் மூடிவிட்டுப் போக வேண்டும். கன்றோடு நிற்கும் பசுவை விட்டு நன்றாக விலகிப் போக வேண்டும், பிள்ளையைத் தொட விடக் கூடாது. அவை கன்றைக் காக்க முட்டும். ஆண்டுதோறும் அங்கே நடைபயணிகள் காயப்படுகிறார்கள்.

அம்மாவைப் பற்றி. நான் சொன்ன கிராமங்கள் எல்லாம் 1,700 மீட்டருக்குக் கீழே. உயரத்தால் வரும் தலைவலி, மூச்சுத்திணறல் பொதுவாக 2,500 மீட்டருக்கு மேல்தான் தொடங்கும். தங்குவதில் பயமில்லை. ஏஜென்ட் பட்டியலில் இருக்கும் யுங்ஃபிராவ்யோக் நிலையம் 3,454 மீட்டர். ரத்த அழுத்தமோ இதயப் பிரச்சினையோ இருந்தால் அங்கே போகலாமா என்பதை நான் சொல்லக் கூடாது, அவரைப் பார்க்கும் மருத்துவர்தான் சொல்ல வேண்டும். முழங்காலுக்கு என் அனுபவத்தில் ஏற்றத்தைவிட இறக்கம்தான் வில்லங்கம். அதனால் மேலே நடந்து போய்க் கேபிள் காரில் இறங்கும்படி திட்டமிடுங்கள். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். கோம்ஸில் ஜூனிலும் இரவில் பத்து டிகிரிக்குக் கீழே போவது சாதாரணம். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறு டிகிரி போல் குறையும் என்று வைத்துக்கொண்டு உடை எடுங்கள். தெளிவான இரவுகளில் குளிர்ந்த காற்று சரிவிலிருந்து வழிந்து பள்ளத்தாக்கின் அடியில் தேங்கும். அதனால் விடியற்காலையில் ஆற்றோரம் மேலே இருக்கும் கிராமத்தைவிடக் குளிரலாம். பகலில் இதற்கு எதிர்மாறாகக் காற்று பள்ளத்தாக்கின் மேல்நோக்கி வீசும். மத்தியானத்துக்குப் பிறகு அது வலுப்பதால் அம்மாவின் நடையைக் காலையில் வைத்துக்கொள்வது சுகம். அவசர ஆம்புலன்ஸ் எண் 144.

சாப்பாடு விஷயத்தில் ஒரே ஆலோசனைதான்: விடுதி அறைக்குப் பதிலாகச் சமையலறையோடு கூடிய விடுமுறை வீடு எடுங்கள். கிராமத்து உணவகங்களில் சூடான சாப்பாடு மதியம் இரண்டு மணி வரை, பிறகு மாலை ஆறிலிருந்து எட்டரை, ஒன்பது வரைதான். வாரத்தில் ஒன்றிரண்டு நாள் மூடியே இருப்பார்கள். ஊர்க் கடைகளில் பல மதியம் மூடித் திறக்கும், ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலும் மூடல். சனிக்கிழமை மாலைக்குள் பால், ரொட்டி, காய்கறி வாங்கிவிடுங்கள். சைவமாகச் சாப்பிடுவீர்கள் என்றால், கோம்ஸில் உருளைக்கிழங்கு, லீக், ஆப்பிள், பாலாடைக்கட்டி எல்லாம் வைத்து மூடிச் சுடும் ஒரு உப்புப் பண்டம் உண்டு, கொலேரா என்று பெயர். பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். பன்றி இறைச்சி சேர்த்திருக்கிறதா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். கண்டிப்பான சைவம் என்றால் இன்னொன்று: அந்த ஊர்ப் பாரம்பரியப் பாலாடைக்கட்டிகளில் பாலைத் திரிக்கக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் நொதியைச் சேர்ப்பார்கள். தெருவில் இருக்கும் நீர்த்தொட்டிக் குழாய்களில் தண்ணீர் குடிக்கலாம், ‘கைன் டிரிங்க்வாசர்’ (Kein Trinkwasser, குடிநீர் அல்ல) என்று பலகை இருந்தால் மட்டும் கூடாது. வாடகை வீட்டில் இரவு பத்து மணிக்கு மேல் சத்தம் கூடாது என்பதை உண்மையாகவே கடைப்பிடிக்கிறார்கள். குப்பைக்குக் கட்டணம் சேர்த்து விற்கும் தனிப் பை இருக்கும், அதில்தான் போட வேண்டும். வீட்டுக்காரரிடம் முதல் நாளே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

பணத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் இங்கேதான் நீங்கள் மிச்சம் பிடிக்கப் போகிறீர்கள். ஏஜென்டுகள் வழக்கமாகத் தலையில் கட்டுவது ஸ்விஸ் டிராவல் பாஸ். தொடர்ச்சியாக 3, 4, 6, 8, 15 நாட்களுக்கு வரும். தினமும் ரயிலில் ஓடுபவருக்கு அது லாபம். ஐந்து நாள் ஒரே கிராமத்தில் இருக்கும் உங்களுக்கு அந்த நாட்களும் ஓடிக்கொண்டிருக்கும். ஒரு மாதம் செல்லும் அரைக் கட்டண அட்டை எடுத்தால் ரயில், பேருந்து, படகு, பெரும்பாலான மலை ரயில்கள் எல்லாவற்றிலும் பாதி விலை. நீங்கள் போகப்போகும் பயணங்களை எழுதிக் கூட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்; உங்களைப் போன்ற திட்டத்துக்கு அரைக் கட்டண அட்டைதான் மலிவாக வரும் என்பது என் கணிப்பு. தங்கும் ஒவ்வொரு இரவுக்கும் ஆளுக்குச் சில பிராங்க் விருந்தினர் வரி கட்டுவீர்கள். அதற்குப் பதிலாகக் கொடுக்கும் விருந்தினர் அட்டையில் பல இடங்களில் உள்ளூர்ப் பேருந்து இலவசம், டிச்சினோ மாநிலத்தில் மாநிலம் முழுவதும் ரயிலும் பேருந்தும் இலவசம். எதெல்லாம் அடங்கும் என்பது ஊருக்கு ஊர் மாறும் என்பதால் பதிவுக்கு முன்பே கேளுங்கள்.

மலைப் பள்ளத்தாக்கில் ஆபத்து உண்டா என்று அம்மா கேட்கக்கூடும். உண்டு, மறைக்க மாட்டேன். 2025 மே 28 அன்று லோட்ஷன்டால் பள்ளத்தாக்கில் பிர்க் பனியாறு சரிந்து பிளாட்டன் கிராமத்தின் பெரும்பகுதியைப் புதைத்துவிட்டது. அமைதியாகத் தங்கக் கிராமம் கேட்பவர்களுக்கு நான் ஆசையோடு சொல்லி வந்த பள்ளத்தாக்கு அது, அந்தச் செய்தி வந்த நாள் எனக்கு இன்னும் வலிக்கிறது. ஆனால் மலை அசைவதை முன்பே கண்டு, சுமார் 300 பேர் கொண்ட ஊரையே சில நாட்களுக்கு முன் காலி செய்திருந்தார்கள்; ஒருவர் இறந்தார். கண்காணிப்பு அந்த அளவுக்கு இருக்கிறது. பயணிக்கு இதிலிருந்து தேவையான பாடம் சின்னதுதான்: பாதை மூடல் என்று பலகை இருந்தால் ஐந்து நிமிடம்கூட உள்ளே போகாதீர்கள். அதே மாதிரி அணைக்குக் கீழே இருக்கும் ஆற்றுப் படுகைகளில் தண்ணீர் திடீரென்று உயரும் என்று எச்சரிக்கைப் பலகை வைத்திருப்பார்கள். வெயிலடிக்கும் நாளிலும் அது உண்மை. மகளைக் கற்களில் விளையாட விடுவதற்கு முன் அந்தப் பலகையைத் தேடுங்கள்.

வானிலை எப்படி இருக்கும் என்று மட்டும் யாரையும் கேட்காதீர்கள், என்னையும் சேர்த்து. ஐந்து நாளைக்கு மேல் மலை வானிலையைச் சொல்வது ஊகம். ஜூனில் தொடர்ந்து மூன்று நாள் மேகம் கீழே இறங்கி நிற்பதும் உண்டு. ஏழு நாளும் பளிச்சென்று இருப்பதும் உண்டு. மியூரன் போன்ற உயரமான ஊரில் மேகம் இறங்கினால் எதிரே இருக்கும் மலையே தெரியாது. பள்ளத்தாக்கின் அடியில் அப்போதும் ஆறும் வயலும் வீடுகளும் தெரியும், நடக்கவும் முடியும். மழைக்குப் பயந்தால் அடியில் இருக்கும் ஊர் நல்லது என்று நான் சொல்வது இதனால்தான்.

ஆக, உங்கள் எட்டு இரவுகளை நான் இப்படிப் பிரிப்பேன்: வந்திறங்கியதும் லூசெர்னில் இரண்டு இரவு, பயணக் களைப்பு தீரட்டும். பிறகு கிராமத்தில் ஐந்து. கடைசி இரவு சூரிக்கில், விமானத்துக்குப் பக்கத்தில். எந்தக் கிராமம் என்பதற்கு வீட்டில் ஒரே ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: யுங்ஃபிராவ் மலையைப் பக்கத்தில் பார்க்காமல் திரும்பினால் யாருக்காவது மனசு கஷ்டப்படுமா? படும் என்றால் வெங்கன். கடை இருக்கிறது, வெயில் இருக்கிறது, நிலையத்தைச் சுற்றி ஓரளவு தட்டையான தெருக்கள் இருக்கின்றன, ரயிலிலிருந்து இறங்கினால் வீடு. ஒரு நல்ல நாளில் மேலே போய்விட்டு மற்ற நாட்களில் அங்கேயே இருங்கள். யாருக்கும் கஷ்டமில்லை என்றால் யோசிக்காமல் கோம்ஸ், அதில் மூன்ஸ்டர் அல்லது அதன் அக்கம்பக்கக் கிராமங்கள். லூசெர்னிலிருந்து கோஷனன், ஆண்டர்மாட் வழியாகச் சில ரயில் மாற வேண்டும். பெட்டிகள் கனமாக இருந்தால் அது ஒரு சிரமம், எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்காரருக்கு எழுதும்போது ஐந்தே விஷயம் கேளுங்கள்: நிலையத்திலிருந்து வீட்டுக்கு எத்தனை படி, பால்கனி எந்தத் திசை, பிரதான சாலையும் தேவாலயமும் எவ்வளவு தூரம், ஞாயிற்றுக்கிழமை பக்கத்தில் எந்தக் கடை திறந்திருக்கும், கடைசி ரயில் எத்தனை மணிக்கு. கோடை உச்சத்தில் சில வீடுகளைச் சனிக்கிழமையிலிருந்து சனிக்கிழமை வரை முழு வாரமாகத்தான் தருவார்கள், ஜூன் கடைசியில் பேசிப் பார்த்தால் ஐந்து இரவுக்குக் கிடைக்கும். பிப்ரவரி, மார்ச்சிலேயே எழுதிவிடுங்கள். தரைத்தளத்தில் சமையலறையோடு இருக்கும் வீடுகள்தான் முதலில் போய்விடுகின்றன.